ஹைகிரவுண்டுக்கு முந்தைய பத்தாண்டுகள்

தாமிரபரணிக் கரையோர ஊர்களில் யாரையாவது "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயாச்சு" என்று சொன்னால், நோய் கைமீறிவிட்டது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்தான் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி தொடங்கியது 1965-இல். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஏழை எளியவர்களுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் வந்தவர், சர்க்கரைப் புண் முற்றிக் காலை எடுக்க வேண்டியவர், கிட்னி செயலிழந்தவர் என்று எல்லாரும் அங்கே வந்து சேர்கிறார்கள்.

இவர்களில் பலருடைய நோய் அன்றைக்கு வந்ததல்ல. ரத்த அழுத்தம் பத்து வருடமாக ஏறியிருந்திருக்கும், சர்க்கரையும் அப்படியே. வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. கிட்னி முற்றாகப் பழுதான பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 150-க்கும் மேல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வீரவநல்லூரிலிருந்தோ விக்கிரமசிங்கபுரத்திலிருந்தோ வருகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. அந்தக் கிட்னியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ரத்த அழுத்த மாத்திரையை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது, ஒன்றின் விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு.

வளரும் பகுதிகள் நாள்பட்ட நோய்களைத் தடுக்கப் பணம் போட வேண்டுமா என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் டாலர் கணக்கில் விவாதிக்கிறார்கள். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் அதே கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. ஹைகிரவுண்டுக்கு வருவதற்கு முந்தைய அந்தப் பத்து வருடங்களில் அரசு எங்கே இருந்தது?

இந்த நோய்களைப் பணக்கார வியாதி என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. காலராவும் மலேரியாவும் பெரியம்மையும் ஊரைக் காலி செய்த காலத்தில் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழகத்தின் பொதுச் சுகாதார அமைப்பே அவற்றை எதிர்கொள்ள எழுந்ததுதான். 1939-லேயே இங்கே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. தடுப்பூசி, பிரசவம், குடிநீர் ஆகியவற்றில் கிராமச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் செய்த வேலையால்தான் குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் வளர்ந்து நடுவயதைத் தொட்டபோது காத்திருந்த நோய்கள் வேறாக இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூட்டாளி நிறுவனங்களும் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் நிகழ்ந்த இறப்புகளில் தொற்றா நோய்களின் பங்கு 1990-இல் 37.9 சதவீதம், 2016-இல் 61.8 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. ஐரோப்பாவுக்கு இதற்குப் பல தலைமுறைகள் கிடைத்தன. பணம் சேர்த்த பிறகுதான் அங்கே இந்த நோய்கள் பெருகின. நமக்கு அந்த வரிசை மாறிப்போய்விட்டது.

2023-இல் வெளியான, அதே கவுன்சிலின் 'இன்டியாப்' (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். சர்க்கரை நோய் வந்தவர்கள் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். கிராமத்து எண் குறைவுதான். ஆனால் அங்கே நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரும் அதைவிடக் குறைவு. நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆள் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. மேலைநாட்டவரைவிட இளம் வயதிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் ஒரு கொத்தனாருக்குப் பக்கவாதம் வந்தால் அந்த வீட்டில் மகளின் படிப்பு நிற்கிறது, நகை அடகுக்குப் போகிறது, மனைவி வேலைக்குக் கிளம்புகிறார். உலகில் 70 வயதுக்கு முன் தொற்றா நோய்களால் இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பொருள் இதுதான். உலகப் பொருளாதார மன்றமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2014-இல் போட்ட கணக்கில், 2012 முதல் 2030 வரை இந்தியா இந்த நோய்களாலும் மனநலக் கோளாறுகளாலும் இழக்கப்போவது 4.58 லட்சம் கோடி டாலர்.

"முதலில் ஆஸ்பத்திரி கட்டுவோம், படுக்கை போடுவோம்; தடுப்பதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. வலியில் துடிப்பவரைத் தள்ளிவைத்துவிட்டு நாளைய நோயாளிக்குச் செலவு செய்வது எந்த அரசுக்கும் கடினம். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. வராமல் போன மாரடைப்புக்கு விழா எடுக்க முடியாது. ஆனாலும் தடுக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இப்போது இடமில்லை. அதற்கான சான்றுகளில் முக்கியமான சில நம் சென்னையிலேயே இருக்கின்றன.

மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. முடிவு 2006-இல் வெளியானது. எதுவும் செய்யாமல் விட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை கொடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே பலன். பின்னர் 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில் அவருடைய குழு ஆண்களுக்குச் செல்போன் குறுஞ்செய்திகளை மட்டும் தொடர்ந்து அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் நோய் வந்தவர்கள் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம், பெற்றவர்களில் 18 சதவீதம்.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீண்ட காலத்தைக் காட்டுகிறது. ஆறு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல். தொடக்கத்திலிருந்து மொத்தம் முப்பது ஆண்டுகள் கண்காணிப்பு. வழிகாட்டல் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் சுமார் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. இதய, ரத்தநாள நோய்களால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இவற்றைவிட நம் கிராமங்களுக்கு நெருக்கமானது சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி செய்த வேலை. நாட்டின் புகழ்பெற்ற டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரக மருத்துவர்களில் ஒருவர் அவர். அந்தச் சிகிச்சை பெரும்பாலான இந்தியர்களுக்கு எட்டாது என்பதைத் தம் வார்டிலேயே கண்டவர். 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் புரதம் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று எளிய முறையில் பார்ப்பது, ரத்த அழுத்தம் எடுப்பது; இவ்வளவுதான் அவர்கள் வேலை. அழுத்தமோ சர்க்கரையோ இருந்தவர்களுக்கு மிகப் பழைய, மிக மலிவான மருந்துகளையே கொடுத்தார்கள். தலைக்கு ஆன செலவு ஆண்டுக்கு அமெரிக்கப் பணத்தில் கால் டாலர் அளவில் இருந்தது. அப்படியும் பெரும்பாலானவர்களின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. ஏழை நாட்டால் கிட்னி நோயை எதிர்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கிராமங்கள்தான் பதில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடுப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான தடுப்பு முறைகளின் செலவுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையிலேயே செலவைக் குறைத்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆயுளைக் கூட்டின, ஆனால் பணமும் கேட்டன. திருநெல்வேலிச் சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் தட்டிகளில் விளம்பரமாகும் முழு உடல் பரிசோதனைத் திட்டங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. உடம்பில் ஒன்றும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஐம்பது சோதனை செய்வதில் சோதனைக்கூடத்துக்கு லாபம் உண்டு, ஊருக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த செலவினங்கள் வேறு வகை: புகையிலை வரி, உப்பைக் குறைத்தல், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர் மருந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு. ஏழை நாடுகள் இவற்றில் போடும் ஒரு டாலருக்கு 2030-க்குள் ஏழு டாலர் திரும்பும் என்பது அதன் கணிப்பு. எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

தமிழ்நாடு எங்கே போட்டது? 2005-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் சிவகங்கையிலும் விருதுநகரிலும் இதய, ரத்த அழுத்த நோய்களுக்கான முன்னோடி முயற்சிகள் நடந்தன. 2012-இல் அவை மாநிலம் முழுவதற்கும் விரிந்தன. மருந்து வாங்குவதற்கு 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைந்திருந்ததால் மாத்திரைக்குப் பஞ்சம் பெரிதாக வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் 2020-இல் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பு ஓர் உண்மையை முகத்தில் அறைந்தாற்போல் சொன்னது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம்.

நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேரைத் தவறவிட்ட ஓர் அமைப்பில், நோயைக் கண்டுபிடிக்க இன்னொரு முகாம் நடத்துவது மட்டும் போதாது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையை அடைக்க வந்தது. நோயாளி சுகாதார நிலையத்துக்கு வராவிட்டால் மாத்திரை வீட்டுக்குப் போகும். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்களே தன்னார்வலர்கள்.

பத்தமடையிலோ காருகுறிச்சியிலோ ஒரு காலை நேரத்தில் இந்த வேலையைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். தன்னார்வலரின் தோளில் தொங்கும் பையில் ரத்த அழுத்தக் கருவி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே "போன மாசத்து மாத்திரயப் பூராவும் போட்டியளா?" என்று கேட்பார். பதில் வரும் முன்னரே பழைய அட்டையை வாங்கிப் பார்ப்பார். பாதி அட்டை அப்படியே இருக்கும். "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலியே" என்பார் ஆச்சி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அந்த மாத்திரய ரொம்ப நாள் தின்னாத்தான் கிட்னி போயிரும்" என்று எடுத்துக் கொடுப்பார். கிட்னியைக் காக்கும் மாத்திரையே கிட்னியைக் கெடுப்பதாக ஊர் நம்புகிறது. அதை மாற்றுவதற்கு, அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணை விடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் மருத்துவர் சொல்வதை ஆச்சி கேட்டுக்கொள்வார். இந்தப் பெண் சொன்னால்தான் மாத்திரையை விழுங்குவார்.

2023-24-இல் மறுபடி எடுத்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 17 சதவீதமாகவும், சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ரத்த அழுத்தத்தில் இரு மடங்குக்கு மேலான முன்னேற்றம் சாதாரணமல்ல. ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் ஆண்கள் தன்னார்வலரின் கண்ணில் படுவதே இல்லை. பலர் தனியார் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறார்கள். கைப்பணம் தீர்ந்த மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வெயிலில் நடக்கும் அந்தத் தன்னார்வலப் பெண்களுக்குக் கொடுப்பது ஊக்கத்தொகை மட்டுமே, நிரந்தரச் சம்பளம் அல்ல. கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் கோடிகளை ஒதுக்கும்போது, இந்த வேலையை நிலைநிறுத்தும் ஊதியத்துக்குத் தயங்குவது கணக்குத் தெரியாத செயல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இன்னொரு பாடம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. இன்சுலினும் டயாலிசிஸும் தேவைப்படுபவருக்கு ஒரு வாரம் சாலை இல்லாமல் போவது உயிர்ப் பிரச்சினை. யார் வீட்டில் எந்த மருந்து வேண்டும் என்ற பட்டியல் ஊர்தோறும் கையில் இருக்கும் ஏற்பாட்டை வெள்ள நிவாரணத் திட்டத்தின் பகுதியாகவே வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் நெல்லையைப் பற்றி எழுத முடியாது. நெல் விளையும் பூமி. மூன்று வேளையும் அரிசி. முன்பு அந்தச் சோற்றை எரித்த வயல் வேலையை இப்போது டிராக்டரும் அறுவடை எந்திரமும் செய்கின்றன. கல்லிடைக்குறிச்சி அப்பளம் இல்லாமல் இலை நிறையாது; அப்பளத்தில் உப்பு உண்டு, ஊறுகாயிலும் கருவாட்டிலும் அதைவிட உண்டு. நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்ற அளவைச் சமையலறையில் யாரும் அளந்து போடுவதில்லை. இதில் திருத்த வேண்டிய ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி காபி நல்லது என்பது. உடன்குடிக் கருப்பட்டிக்குச் சுவையும் மணமும் உண்டு, சில தாதுக்களும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். திருநெல்வேலி அல்வாவை எப்போதாவது தின்கிறவரைவிட, தினம் நான்கு தடவை கருப்பட்டி காபி குடிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அல்வாவையும் அப்பளத்தையும் திருத்திவிடலாம். பீடியைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம், பேட்டை என்று இந்த வட்டாரம் முழுக்க வீட்டுத் திண்ணைதான் பீடித் தொழிற்சாலை. மதியச் சமையல் முடிந்ததும் பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்கிறார்கள். நனைத்த இலையை அளவு வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்குகிறார்கள். ஆயிரம் சேர வேண்டும், கணக்கு ஆயிரத்துக்குத்தான். தூள் மூக்கில் ஏறுகிறது, கழுத்தும் இடுப்பும் கடுக்கின்றன, மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதால் சர்க்கரையும் தேடி வருகிறது. ஆனால் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தத் தட்டுதான் என்று சொல்லும் தாய்மார்கள் இங்கே ஏராளம். அவர்கள் சொல்வது உண்மை.

அந்தப் பீடியைக் குடிப்பவரின் கணக்கும் உண்மை. 2008-இல் பிரபாத் ஜா குழுவினர் வெளியிட்ட இந்திய ஆய்வின்படி பீடி குடிக்கும் ஆண் சராசரியாக ஆறு ஆண்டு ஆயுளை இழக்கிறார், பீடி குடிக்கும் பெண் எட்டு ஆண்டு. தமிழகத்தில் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து கஜலட்சுமி குழுவினர் 2003-இல் எழுதியது, ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று காட்டியது. தொற்றும் நோயையும் தொற்றா நோயையும் தனித்தனியாகப் பிரித்துப் பட்ஜெட் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புகையிலைக்கு வரி போடுவதே மலிவான தடுப்பு முறை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. தொழிலாளர் நலனைக் காரணம் காட்டி எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளால் பீடி சுற்றும் பெண்ணின் கூலி தானாக உயர்ந்துவிடாது. அவர்களுக்கென்று நேரடியாக இருந்த ஏற்பாடு 1976-இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதி. பீடிக்கு ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் மருத்துவமனை, வீடு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று செலவிட்டார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. நலத்திட்டங்கள் இப்போது பொது நிதியின் தயவில் நடக்கின்றன.

பின்லாந்தின் வடக்குக் கரேலியாவை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் செத்து விழுந்த அந்த மாகாணத்தில், பெக்கா புஸ்காவின் குழு 1972-இல் வேலையைத் தொடங்கியது. வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைக்கச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வெண்ணெய் விற்காமல் போனால் பால் பண்ணை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, அரசு உதவியோடு பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற வழி செய்தார்கள். நோய்த் தடுப்புத் திட்டத்துக்குள்ளேயே விவசாயியின் பிழைப்பும் அடங்கியிருந்தது.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2004-இல் சேர்ந்தது. அதன் 17-ஆவது பிரிவு புகையிலைத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழிலுக்கு ஆதரவு தரச் சொல்கிறது. நெல்லைச் சீமையில் அதற்கான ஆட்கள் தயாராகவே இருக்கிறார்கள்: கைவேகம் உள்ள, சுய உதவிக் குழுக்களில் பழகிய, வீட்டிலிருந்தே சம்பாதித்துப் பழக்கப்பட்ட பெண்கள். மக்களைத் தேடி மருத்துவத்துக்குத் தன்னார்வலர்கள் வருவதும் இதே குழுக்களிலிருந்துதான். ஊர்தோறும் தன்னார்வலர் எண்ணிக்கையைக் கூட்டி, அந்த வேலையைச் சம்பளமும் சேமநிதியும் உள்ள பணியாக்கி, பீடித் தட்டை இறக்கி வைக்க விரும்பும் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் நோய்த் தடுப்புக்கும் மாற்றுத் தொழிலுக்கும் ஆகும் இரண்டு செலவும் ஒன்றாகிவிடும். பீடிக்கு மறுபடி வரியைக் கூட்டி, கூடுதல் வருவாயில் ஒரு பங்கை முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இதற்கென்றே திருப்பித் தரச் சொல்லி ஜிஎஸ்டி கவுன்சிலில் கேட்கலாம். அங்கே உட்காரும் மாநில நிதியமைச்சருக்கு அந்த உரிமை உண்டு.